மருந்தடித்த வயலில் புகையான் ஏன் பெருகுகிறது?

தம்பி, நீங்கள் எழுதியிருப்பது இதுதான். திருவாரூர் பக்கம் அப்பாவுக்கு ஒன்பது மா, அதாவது சுமார் மூன்று ஏக்கர் நிலம். சம்பா நட்டு இருபதாம் நாள் இலை வெளுத்தது என்று ஒரு தடவை, நாற்பத்தைந்தாம் நாள் ஒரு தடவை, புகையான் என்ற பூச்சி கண்ணில் பட்ட பிறகு ஒரு தடவை என மூன்று முறை மருந்தடித்தார். அப்படியும் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் பயிர் வட்டம் வட்டமாகக் கருகிவிட்டது. ஒரு தடவைகூட அடிக்காத பக்கத்து வயல் தப்பித்துக்கொண்டது. கடையில் கொடுத்தது போலி மருந்தா? மருந்தடித்ததால்தான் பூச்சி கூடியது என்று சிலர் சொல்வது உண்மையா? பாம்பைக் கொன்றால் காசு என்று அறிவித்ததும் பாம்பு பெருகிய டெல்லிக் கதை மாதிரியா இது? இப்படிக் கேட்டிருக்கிறீர்கள்.

போலி மருந்தா என்ற கேள்விக்கு உள்ளே இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. நல்ல மருந்தை, நல்ல எண்ணத்தோடு, கைக்காசு போட்டு அடித்தும், அடித்த காரணத்தாலேயே கேடு வருமா? வருமென்றால் அப்பா செய்தது தப்பா? முதல் பாதிக்குப் பதில்: வரும். நெல்லில், அதிலும் புகையானில், இது ஐம்பது வருடமாகத் தெரிந்த உண்மை. இரண்டாம் பாதிக்குக் கடைசியில் வருகிறேன். நான் பூச்சியியல் படித்துவிட்டு டெல்டாவில் முப்பது வருடம் பயிர்ப் பாதுகாப்பு வேலை பார்த்தவன். எனக்குத் தெரிந்தது நெல் மட்டும்தான். பருத்தி, மிளகாய்க்கு நான் சொல்வதை அப்படியே எடுத்துப் பொருத்தாதீர்கள்.

புகையான் எள்ளளவு பூச்சி. பழுப்பு நிறம். இலையில் தேடினால் கிடைக்காது. தண்ணீர் மட்டத்துக்கு மேலே, தூரின் அடியில், வெயில் படாத இடத்தில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். நெற்பயிரை ஒரு பக்கமாகச் சாய்த்து உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினால் பொலபொலவென்று தண்ணீரில் விழுந்து, அப்படியே நீர்மேல் நகர்ந்து அடுத்த தூரில் ஏறிக்கொள்ளும். சாறு போன தூர் முதலில் மஞ்சளாகும், பிறகு தீயில் வாட்டியதைப் போல் காயும். ஓர் இடத்தில் தொடங்கி வட்டமாகப் பரவும். வரப்பில் நின்று பார்க்கிறவருக்கு மேலே எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். வட்டம் தெரிகிற நாளில் வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும்.

மருந்து எங்கே எதிராகத் திரும்புகிறது என்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது முட்டை. புகையான் இலையின் மேல் முட்டையிடுவதில்லை. இலையுறையைக் கீறி, அதன் சதைக்குள்ளே வரிசையாகச் செருகி வைக்கும். ஒரு பெண் பூச்சி தன் ஆயுளில் இருநூறு முட்டை வரை வைத்துவிடும். மேலே அடிக்கிற மருந்து அந்த முட்டையைத் தொடாது. ஏழெட்டு நாளில் அவை பொரியும்போது, வெயிலிலும் மழையிலும் மருந்தின் வீரியம் குறைந்து போயிருக்கும். அதாவது நீங்கள் கொன்றது வெளியே இருந்த பூச்சியை மட்டும். அடுத்த தலைமுறை உறைக்குள் பத்திரமாக இருந்தது.

இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது. அந்த அடுத்த தலைமுறையைத் தின்ன வேண்டியவர்களை மருந்து கொன்றுவிட்டது. ஒரு நல்ல நெல் வயலில் புகையானுக்கு எத்தனை எதிரிகள் என்று உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஓநாய்ச் சிலந்தி என்று ஒன்று உண்டு. வலை பின்னாது, தூருக்குத் தூர் ஓடித் துரத்திப் பிடிக்கும், தண்ணீர் மேலும் ஓடும். ஒரு நாளைக்கு ஐந்து முதல் பதினைந்து பூச்சிகளைப் பிடிக்கும். மிரிட் நாவாய்ப்பூச்சி என்று பச்சையாக, கறுப்புத் தலையோடு ஒன்று இருக்கும். அது தன் ஊசி வாயை இலையுறைக்குள் விட்டு, மருந்தால் தொட முடியாத அந்த முட்டைகளையே உறிஞ்சிவிடும். ஒரு நாளைக்கு ஏழு முதல் பத்து முட்டை. இதை நம் ஆட்கள் பலரும் பச்சைத் தத்துப்பூச்சி என்று நினைத்துக்கொண்டு, "பூச்சி ஏகமா இருக்கு" என்று மருந்தடிப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இவை போக, முட்டைக்குள் முட்டை வைக்கும் கண்ணுக்குத் தெரியாத குளவிகள், பொறிவண்டு, ஊசித்தட்டான் எல்லாம் உண்டு.

இந்த எதிரிகளில் பெரும்பாலானவை தூரிலும் நீரிலும் திறந்தவெளியில் ஓடிக்கொண்டே இருப்பவை. அதனால் மருந்து அவற்றின் மேல் நன்றாகப் படும். புகையானோ அடியில் ஒளிந்திருப்பது, மேலாக அடிக்கிற மருந்தில் பாதி அதற்குப் போய்ச் சேராது. அடி வாங்கிய இரண்டு கூட்டமும் மீள வேண்டும் அல்லவா, அங்கேதான் கணக்கு மாறுகிறது. புகையானுக்கு முட்டை முதல் முட்டை வரை ஒரு மாதம் போதும். சிலந்திக்கு அதைவிட மிக அதிக நாள் வேண்டும். பெண் சிலந்தி முட்டைப்பையை வயிற்றின் பின்னால் கட்டிக்கொண்டு திரியும், பொரிந்த குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு சுமக்கும். ஒரு தாயின் முதுகில் கடுகு கொட்டியது போல் அறுபது, எழுபது குஞ்சு ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாய் மேல் ஒரு சொட்டு விழுந்தால் அத்தனையும் போச்சு. புகையான் நிலை வேறு. வயலில் பத்துப் பெண் பூச்சி மிஞ்சினாலும், நீளச் சிறகோடு காற்றில் பத்து வந்து இறங்கினாலும், அதைத் தடுக்க ஆளில்லாத வயல் அதற்குக் கிடைக்கிறது.

மூன்றாவது காரணம் கேட்டால் நம்புவது கடினம். சில மருந்துகள் சாகடிக்கும் அளவைவிடக் குறைவாகப் பூச்சியின் மேல் படும்போது, அந்தப் பூச்சி வழக்கத்தைவிட அதிக முட்டை வைக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செல்லையாவும் ஹைன்ரிச்ஸ் என்பவரும் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இதை ஆராய்ந்து 1980-இல் வெளியிட்டார்கள். டெல்டாமெத்ரின், மெத்தில் பாரத்தியான் போன்றவை பட்ட புகையான் அதிகமாகப் பெருகியது, குஞ்சுப்பருவமும் சுருங்கியது. நமக்குத் தரப்படும் பரிந்துரையிலேயே, செயற்கைப் பைரித்ராய்டு வகை (டெல்டாமெத்ரின் இந்த வகைதான்), குயினால்பாஸ், மெத்தில் பாரத்தியான், பென்தியான் இவையெல்லாம் புகையானை மறுபடி பெருக்கும், நெல்லில் அடிக்காதீர்கள் என்று பல வருடமாக எழுதியிருக்கிறது. அந்த வரி கடை வாசல் வரை வந்து சேரவில்லை.

இந்த மூன்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்பதில்தான் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு. எதிரிகள் சாவதுதான் முக்கியக் காரணம் என்பவர்கள் அதிகம், நானும் அந்தப் பக்கம்தான். ஒரே வயலில் மூன்றையும் தனித்தனியே பிரித்து அளப்பது லேசான காரியமில்லை. ஆனால் மருந்தடித்த வயலில் புகையான் கூடும் என்பதில் சந்தேகமே இல்லை. எழுபதுகளின் இறுதியில் பீட்டர் கென்மோர் என்ற ஆய்வாளர் பிலிப்பைன்ஸ் விவசாயிகளின் வயல்களிலேயே இதைக் காட்டினார். அடிக்காத வயலில் எதிரிகளால் அடங்கிக் கிடந்த பூச்சி, அடித்த வயலில் பல மடங்கு பெருகியது.

இப்போது உங்கள் அப்பா அடித்த முதல் மருந்தைப் பற்றிப் பேச வேண்டும், என் கணக்கில் அதிகக் கேடு செய்தது அதுதான். இருபதாம் நாள் இலை வெளுத்தது என்றால் பெரும்பாலும் இலைச்சுருட்டுப் புழு. பார்க்கப் பயமாக இருக்கும், வயலே வெள்ளை அடித்த மாதிரி நிற்கும். ஆனால் தூர் கட்டுகிற பருவத்தில் பயிர் இலையை விட்டுவிட்டுப் புது இலை போட்டுக்கொள்ளும், விளைச்சலில் அது பெரிதாகத் தெரியாது. அதே நேரத்தில் வயலின் அடியில் வேறொரு வேலை நடக்கிறது. எருவும் பழைய தாளும் மக்குகிற சேற்றில் சின்னச் சின்ன ஈக்களின் புழு, கொசுப் புழு, துள்ளும் பூச்சி என்று நெல்லுக்கு எந்தக் கேடும் செய்யாத கோடிக்கணக்கான உயிர்கள் உண்டாகின்றன. புகையான் வருவதற்கு முன்பே சிலந்திகளுக்கு அதுதான் சாப்பாடு. இந்தோனேசியாவில் செட்டில் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் ஜாவாவின் வயல்களில் இதை எண்ணிப் பார்த்து 1996-இல் எழுதினார்கள். புகையான் வந்து இறங்கும்போது சிலந்திப் படை தின்று வளர்ந்து தயாராக இருக்கும். இருபதாம் நாள் மருந்து அந்தச் சாப்பாட்டையும் அழிக்கிறது, சாப்பிடுகிறவனையும் அழிக்கிறது. அதன் பலன் வெளியே தெரிய நாற்பது, ஐம்பது நாள் ஆகும். அந்த நேரத்தில் இருபதாம் நாள் அடித்தது யாருக்கும் நினைவிருக்காது, நேற்று அடித்த மருந்தைத்தான் போலி என்று சொல்வோம்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொன்னால் பொய். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு கிராமத்தில் பெரியவர் ஒருவர் வெளுத்த நாற்றுக் குத்தைக் கொண்டுவந்து காட்டினார். நான் வயலுக்குப் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே பைரித்ராய்டு மருந்து ஒன்றைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அவர் சொன்னதைச் செய்கிறவர், அளவு தப்பாமல் அடித்தார். கொஞ்ச நாள் கழித்து மறுபடி வந்தார், மறுபடி எழுதினேன். தை மாதம் அவர் வயல் வழியாகச் சைக்கிளில் போனபோது, ஆறு மாவில் நாலு மா வைக்கோல் நிறத்தில் படுத்திருந்தது. அவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்து நின்றார், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "நீங்க சொன்னபடிதானே செஞ்சேன் சார், எங்க தப்பு பண்ணேன்?" என்று கேட்டார். அவர் எங்கேயும் தப்புப் பண்ணவில்லை என்று அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தப்பு என்னுடையது. அந்தக் கேள்வி இன்றைக்கும் எனக்குள் இருக்கிறது. நீங்கள் அப்பாவைப் பற்றி எழுதியதைப் படித்ததும் அவர் முகம்தான் வந்தது.

அப்புறம் தொண்ணூறுகளின் நடுவில் உழவர் வயல்வெளிப் பள்ளி நடத்தப் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே ஒரு சின்னச் சோதனை செய்வோம். இரண்டு மண்சட்டியில் நெல் நட்டு, மேலே நைலான் வலை போர்த்தி, இரண்டிலும் பத்துப் பத்துப் புகையானை விடுவோம். ஒன்றில் மட்டும் இரண்டு ஓநாய்ச் சிலந்தி. சட்டியை ஒரு விவசாயி வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு வந்துவிடுவோம். அடுத்த வாரம் போகும்போதே சிலந்தி இருந்த சட்டியில் ஒன்றோ இரண்டோ பூச்சிதான் இருக்கும். மற்ற சட்டியில் மாதம் முடிவதற்குள் பயிர் காய்ந்து தொங்கும். முப்பது பேர் சுற்றி நின்று அதைப் பார்ப்பார்கள். ஒரு அம்மா, வலைக்குள் சிலந்தி புகையானை அமுக்கிப் பிடித்ததைப் பார்த்துவிட்டு, "இத்தனை வருசமா இதையா கொன்னுட்டு இருந்தோம்" என்று மெதுவாகச் சொன்னார். அதற்கு மேல் நான் அந்தக் கிராமத்தில் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை.

ஒரு நாடு முழுவதுமே இப்படி மாட்டிக்கொண்டதும் நடந்தது. இந்தோனேசியாவில் அறுபதுகளின் கடைசியிலிருந்து புது ரகம், யூரியா, மருந்து மூன்றையும் ஒரே பொட்டலமாக அரசே கொண்டுபோய்ச் சேர்த்தது. ஒரு கட்டத்தில் வானூர்தியிலிருந்தும் மருந்து தெளித்தார்கள். பிறகு மருந்தின் விலையில் முக்கால் பங்குக்கும் மேல் அரசு மானியமாகக் கொடுத்தது. எழுபதுகளின் நடுவில் புகையான் பெரும் அழிவைச் செய்தது, உலகிலேயே அதிக அரிசி இறக்குமதி செய்கிற நாடாக அது ஆனது. எதிர்ப்புச் சக்தியுள்ள ஐ.ஆர். 26 என்ற ரகம் 1973-இல் வந்தது. அந்த எதிர்ப்பைக் கொடுத்தது நம் தமிழ்நாட்டுத் திரூர்குப்பத்தில் உருவான டி.கே.எம். 6 ரகம் என்பது நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் சில பருவங்களிலேயே அந்த ரகத்தையும் தின்னப் பழகிய புகையான் வந்துவிட்டது. அடுத்து 1976-இல் வந்த ஐ.ஆர். 36 கொஞ்சம் அதிக நாள் தாங்கியது. 1984-இல் நாடு அரிசியில் தன்னிறைவு அடைந்தது. அடுத்த வருடம் அதிபர் சுகார்த்தோ ரோம் நகரில் உலக உணவு வேளாண் அமைப்பின் மேடையில் அதற்காகப் பாராட்டப்பட்டார். அதற்கடுத்த வருடமே ஜாவாவில் மறுபடி புகையான், அதுவும் மருந்து நன்றாக அடிக்கப்பட்ட பகுதிகளில்.

அப்போதுதான் ஐடா நியோமன் ஓகா போன்ற அந்நாட்டுப் பூச்சியியலாளர்கள், பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை மேலிடம் கேட்டது. 1986 நவம்பரில் அதிபர் ஆணை ஒன்றின் மூலம் 57 மருந்துகளை நெல்லில் அடிக்கத் தடை செய்தார்கள். ஆண்டுக்கு நூறு மில்லியன் டாலருக்கும் மேல் போய்க்கொண்டிருந்த மருந்து மானியத்தைப் படிப்படியாகக் குறைத்து 1989 தொடக்கத்தில் முழுவதும் நிறுத்தினார்கள். அந்த வருடமே வயல்வெளிப் பள்ளிகள் அங்கே தொடங்கின, நாங்கள் திண்ணையில் வைத்த சட்டியும் அங்கிருந்து வந்ததுதான். மருந்து வெகுவாகக் குறைந்தது. விளைச்சல் சரியும் என்று பயந்தார்கள், சரியவில்லை, கூடவே செய்தது. பிற்பாடு மருந்து விற்பனை அங்கே மறுபடி தாராளமாகிவிட்டது. 2010, 2011-இல் ஜாவாவில் திரும்பவும் பெரிய அளவில் புகையான். அது மழை கூடிய வருடம் என்பதும் ஒரு காரணம், மருந்தின் மேல் மட்டும் பழியைப் போட்டால் நேர்மையாக இருக்காது.

நீங்கள் சொன்ன பாம்புக் கதைக்கு வருகிறேன். டெல்லியில் வெள்ளைக்காரர் காலத்தில் நல்ல பாம்புக்குப் பரிசு கொடுத்ததும் ஜனங்கள் பாம்பு வளர்த்தார்கள் என்ற கதைக்கு அக்கால ஆவணம் எதையும் யாரும் காட்டியதில்லை. அதைக் கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். அதே மாதிரி நிஜமாக நடந்து பதிவானது வியட்நாமின் ஹனோயில், 1902-இல். பிரெஞ்சு ஆட்சியினர் கட்டிய புதுச் சாக்கடைகளில் எலி பெருகியது, எலி வால் ஒன்றுக்கு ஒரு சென்ட் என்று அறிவித்தார்கள். பிறகு வாலில்லாத எலிகள் ஊரில் ஓடுவதைப் பார்த்தார்கள், நகரத்துக்கு வெளியே எலி வளர்ப்பதையும் கண்டுபிடித்தார்கள். ஆனால் உங்கள் அப்பா விஷயத்தை இதோடு சேர்க்காதீர்கள். ஹனோயில் மனிதர்கள் பரிசுக்காக ஏமாற்றினார்கள். நெல் வயலில் ஏமாற்றியவர் யாருமில்லை. மருந்து உண்மையாக வேலை செய்தது, விவசாயி உண்மையாக அடித்தார், பூச்சியும் உண்மையாகச் செத்து மிதந்தது. எல்லாம் ஒழுங்காக நடந்தும் வயல் கருகியது. அதனால்தான் இதைக் கண்டுபிடிக்க இத்தனை வருடமும் இத்தனை ஆட்களும் தேவைப்பட்டார்கள். அடித்த மறுநாள் காலையில் வரப்பில் நின்று பார்த்தால் தண்ணீரெல்லாம் செத்த பூச்சி. அதைப் பார்த்த மனிதரிடம் இந்த மருந்துதான் கேடு என்று சொன்னால் எப்படி நம்புவார்?

சரி, உங்கள் வயலில் நடந்தது இதுதானா? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் வாய்ப்பு அதிகம். இங்கிருந்தபடி அடித்துச் சொல்ல மாட்டேன். பக்கத்து வயல் தப்பியது என்பது மட்டும் சாட்சியாகாது. அவர் வேறு ரகம் போட்டிருக்கலாம், பத்து நாள் முன்னால் நட்டிருக்கலாம், யூரியாவைக் குறைத்திருக்கலாம், தண்ணீரை வடித்துக் காயவிட்டிருக்கலாம். மருந்தே படாத வயலும் கருகுவதுண்டு. நெருக்கி நட்டு, தழைச்சத்தை அள்ளிக் கொட்டி, எந்நேரமும் தண்ணீர் கட்டி வைத்தால் சிலந்தி இருந்தும் சமாளிக்க முடியாமல் போகலாம். கேரளத்துக் குட்டநாட்டில் 1973-74-இல் புகையான் பெரும் நாசம் செய்ததற்கு, ஒரே மாதிரியான புது ரகங்களும் தொடர்ந்த சாகுபடியும் முக்கியக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. போலி மருந்து என்ற சந்தேகத்தையும் முழுவதும் தள்ளிவிட வேண்டாம், அதுவும் நாட்டில் இருக்கத்தான் செய்கிறது. அப்பாவிடம் காலி டப்பாக்கள் இருந்தால் பின்பக்கம் சிறு எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பார்த்து எழுதுங்கள். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், லாம்ப்டா சைஹலோத்ரின், குயினால்பாஸ் இவற்றில் ஒன்று முதல் இரண்டு தடவையில் இருந்தால் என் சந்தேகம் உறுதியாகும். "இரண்டு மருந்து சேர்ந்தது" என்று விற்கும் டப்பாக்களில் ஒன்று அநேகமாகப் பைரித்ராய்டாகவே இருக்கும்.

நான் மருந்தே கூடாது என்று சொல்கிறவன் இல்லை. எல்லை தாண்டிய புகையானை வேப்பங்கொட்டைச் சாறு கட்டுப்படுத்தாது. அந்த எல்லை எது என்றால், தூருக்கு, அதாவது குத்தில் கிளைத்த ஒவ்வொரு தண்டுக்கும், ஒரு பூச்சி. குத்துக்கு ஒரு சிலந்தி இருக்கிறது என்றால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். இந்த அளவிலேயே சிலந்திக்கு ஒரு பங்கு கொடுத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அதைத் தாண்டினால் தண்ணீரை வடித்துவிட்டு, புகையான் போன்ற தத்துப்பூச்சிக்கென்றே வந்த புப்ரோஃபெசின், பைமெட்ரோசின் போன்றவற்றில் அப்போதைய பரிந்துரையைக் கேட்டு, தெளிப்பானின் முனையைத் தூரின் அடியைப் பார்த்துப் பிடித்து அடிக்க வேண்டும். இவை சிலந்திகளை அவ்வளவாகத் தொடாது. மேலாக வீசிக்கொண்டே போனால் எந்த மருந்தும் வீண். ஒரே மருந்தையே எப்போதும் அடித்தால் பூச்சி அதற்குப் பழகிவிடும். இமிடாகுளோப்ரிட் ஆசியா முழுக்க அப்படித்தான் கூர்மை இழந்தது.

அடுத்த பருவத்துக்கு அப்பாவிடம் ஐந்தாறு விஷயம் சொல்லலாம், ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் சொன்னால் ஒன்றும் நடக்காது. நடும்போது எட்டடிக்கு ஒரு முறை ஓரடி இடைவெளி, அதாவது பட்டம் விடச் சொல்லுங்கள். காற்றும் வெளிச்சமும் அடிவரை போகும், பிற்பாடு இறங்கிப் பார்க்கவும் வழி இருக்கும். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் மூன்றாகப் பிரித்துப் போடட்டும். இடையிடையே தண்ணீரை வடித்து விடட்டும். இதற்கெல்லாம் மேலே ஒன்று, முதல் நாற்பது நாள் மருந்தைத் தொடக்கூடாது. அதற்கு மட்டும் மறுப்பு வரும், வெளுத்த வயலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எந்த விவசாயிக்கும் முடியாத காரியம். வியட்நாமில் 1994-இல் மேகாங் டெல்டாவில் இதைச் சொல்லும்போது முழு வயலையும் விடச் சொல்லவில்லை. கொஞ்ச நிலத்தை மட்டும் அடிக்காமல் விட்டு அறுவடையில் நீங்களே அளந்து பாருங்கள் என்றார்கள். அளந்து பார்த்தவர்கள் மருந்தைத் தாங்களாகவே பாதியாகக் குறைத்துக்கொண்டார்கள். நீங்களும் அப்படியே கேளுங்கள். ஒன்பது மாவில் ஒரு மா, வாய்க்கால் ஓரத்தில் இருப்பதை, உங்கள் கணக்கில் விடச் சொல்லுங்கள். நஷ்டம் வந்தால் நீங்கள் தருவதாகச் சொல்லுங்கள். அந்த வார்த்தைக்கு வீட்டில் மதிப்பு உண்டு.

அப்பா செய்தது தப்பா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. பூச்சிக்கொல்லிக்கு நாம் வைத்திருக்கும் பேரே மருந்து. காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மருந்து கொடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் தகப்பன் உண்டா? அவருக்கு அப்படித்தான் கற்றுக்கொடுக்கப்பட்டது. நட்ட இத்தனையாம் நாள் இன்ன மருந்து என்று அட்டவணை போட்டுக் கொடுத்தது என்னைப் போன்றவர்கள்தான். பிற்பாடு நாங்கள் மாற்றிக்கொண்டோம், மாற்றிக்கொண்டதை அட்டவணை கொண்டுபோன அதே வேகத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. அந்த இடைவெளியில் நின்றது உங்கள் அப்பா மாதிரி ஆட்கள். இதை அவரிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள், வேளாண்மை படித்த ஒருவர் எழுதியிருக்கிறார் என்று சொல்லி.

பொங்கலுக்கு ஊருக்குப் போவீர்கள் அல்லவா? காலையில் வெயில் ஏறுவதற்குள் அப்பாவோடு வயலில் இறங்குங்கள். கருகாத பகுதியில் நாலு மூலையிலும் நடுவிலுமாக இருபது குத்தைச் சாய்த்துத் தட்டிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை புகையான், எத்தனை சிலந்தி என்று செல்போனில் குறித்துக்கொள்ளுங்கள். பச்சையாக, தலை கறுத்து ஏதாவது தூரின் அடியில் ஓடினால் ஒரு படம் எடுங்கள். எண்ணிக்கையையும் படத்தையும் இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.